ரோடு இரண்டு காலுக்கும் ஒன்றுதான்

வெளியே இருந்து பார்த்தால் புது டயர்.
ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கச் சொல்லி
குந்தி உட்கார்ந்து
செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்த அல்லாபிச்சைதான்
"டாக்டரம்மா, இங்க வந்து பாருங்க" என்றார்.
நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட்.
பழங்காநத்தம் பஞ்சர்க் கடையில்
அந்தத் திருத்தத்துக்கு நேரமில்லை.

உள்விளிம்பில் பட்டன் முழுக்கத் தேய்ந்து
கம்பி எட்டிப் பார்த்தது.
எட்டாயிரத்து முந்நூறு கிலோமீட்டர்.
ஏழாவது தவணை.
பின்சீட்டின் பாலித்தீன் உறையை
என் வீட்டுக்காரர் இன்னும் கிழிக்க விடவில்லை.

சாவி கொடுத்த அன்று
மாலை போட்டுப் படமெடுத்த நிவேதன்
இன்று என் பெயரைக் கணினியில் தேடினான்.
"டயர் நாங்க செய்றதில்ல மேடம்,
டயர் கம்பெனியக் கேளுங்க."
டயர் கம்பெனி சொன்னது:
"டயர் நல்ல டயர். அலைன்மென்ட் கோளாறு.
கார் கம்பெனியக் கேளுங்க."
மாட்டுத்தாவணியில் கேட்டால் ஆரப்பாளையம் போ என்றும்
ஆரப்பாளையத்தில் கேட்டால் மாட்டுத்தாவணி போ என்றும்
பெட்டியோடு அலைக்கழிக்கப்படும்
வெளியூர்க்காரி மாதிரி நின்றேன்,
சொந்த ஊரில்.

கட்டணமில்லா எண்ணில் ஒரு பெண் குரல்:
எந்த மாதிரி ரோட்டில் ஓட்டுகிறீர்கள்?
சொன்னேன்.
குழாய்க்குத் தோண்டி மூடாத செல்லூர்,
தோண்டியதை மறந்துவிட்ட ஆனையூர்,
கல் லாரிகளுக்குப் பின்னால் மேலூர் வரை.
"அப்ப அதுதான் காரணம்" என்றது குரல்,
பூரிப்பாக.

என் தொழிலில் முதலில் செருப்பைப் பார்ப்பேன்.
வலி எங்கே என்று கேட்பது அப்புறம்.
ஒரு காலில் மட்டும் உள்பக்கம் தேய்ந்திருந்தால்
கோளாறு ரோட்டில் இல்லை, இடுப்பில்.
ரோடு இரண்டு காலுக்கும் ஒன்றுதான்.
இதை மூன்று மின்னஞ்சலில் எழுதினேன்.
மூன்றுக்கும் ஒரே பதில், ஒரே எழுத்துப்பிழையோடு.

நாலாவதுக்கு ஆள் வந்தார்.
எமர்சன், மண்டலப் பொறியாளர், நாகர்கோவில் பேச்சு.
அளவுகோலைப் பள்ளத்தில் விட்டார்:
வெளியே ஆறு மில்லிமீட்டர், உள்ளே ஒன்றுகூட இல்லை.
எழுந்திருக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.
எனக்குக் கண் தானாகக் கீழே போனது.
இடது ஷூவின் குதிகால் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது.

"இடப்பக்கமா? கால் வரைக்கும் இறங்குதா?"
"மூணு வருசமா."
"வண்டி நிறைய ஓட்டுவீங்களோ?"
"மாசம் ஆறாயிரம்."
"கம்பெனியில சொன்னீங்களா?"
"உட்கார்ற முறை சரியில்லைன்னாங்க."

சர்வீஸ் கொட்டகையில் யாரோ
காற்றுக்குழாயைத் திறந்து மூடினார்கள்.
அவர் ஃபைலைச் சாத்தி, ஃபைலிடம் சொல்வதுபோல் சொன்னார்:
"இந்த மாடல்ல எனக்கு இது ஏழாவது வண்டி."

பதினோரு நாள் கழித்து அறிக்கை.
உற்பத்திக் குறைபாடு ஏதுமில்லை.
ஓட்டும் முறை, சாலையின் தன்மை.
இருப்பினும் நல்லெண்ணத்தின் பேரில்
ஒரு டயருக்கு முப்பது சதவீதம் தள்ளுபடி,
இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று கீழே கையெழுத்திட்டால்.
கீழே எமர்சன் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தார்.
நிவேதன் மூடி கழற்றிப் பேனாவை நீட்டினான்.
மூடியை வாங்கி மாட்டிவிட்டு வந்தேன்.

அல்லாபிச்சையிடமே ரெண்டு டயர் வாங்கினேன், பில்லோடு.
"பழச விட்டுட்டுப் போகாதீங்க,
அதுதான் சாட்சி" என்று டிக்கியில் தூக்கிப் போட்டார்.

கிளினிக் மூலையில் கிடக்கிறது.
உள்விளிம்பில் சாக்பீஸால் தேதி, கிலோமீட்டர்.
பக்கவாதத்திலிருந்து தேறிவரும் கண்டக்டர் சுந்தரபாண்டி
அதன் மேல் வலது காலைத் தூக்கி வைத்துப் பத்து எண்ணுகிறார்.
ஏழில் நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறார்.

"கேஸ் எப்பம்மா?"
"பதினெட்டாம் தேதி வாய்தா."
"நானே நடந்து வந்து பார்க்கணும்."
"பார்ப்பீங்க. அதுக்கு அடுத்த வாய்தாவுக்கு.
எட்டு, எண்ணுங்க."